பின்பால் மெஷினும் மூன்றாவது பின்னும்

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போய் ஆறு மாதம் தங்கி வரும் பெற்றோர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் மாதம் நயாகரா, வாஷிங்டன் என்று ஓடிவிடும். அதற்கப்புறம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, அந்தப் பெரிய வீட்டில் பகல் பொழுதை எப்படிக் கழிப்பது என்பதுதான் பெரும்பாடு. சிலர் தோட்டத்தில் கத்தரிக்காய் போடுகிறார்கள். சிலர் பழைய சீரியல்களைத் தேடிப் பார்க்கிறார்கள். 2023 கோடையில் சிகாகோ புறநகரில் என் மகன் வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு பழைய விளையாட்டு மெஷின். அதன் மின்சாரக் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தீர்த்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். "விளையாட்டு மெஷினுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்த மெஷினில் நான் பார்த்த கோளாறுகளில் இரண்டு, இப்போது உங்கள் வீட்டிலேயே கூட இருக்கலாம்.

பின்பால் என்றால் என்ன?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சாய்வான மேஜை போல ஒரு மரப்பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள ஓர் எஃகுக் குண்டு. ஸ்பிரிங் கட்டிய கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே பாய்ந்து போய், வழியில் உள்ள வட்டமான பம்பர்களில் மோதி மோதி உருண்டு வரும். ஒவ்வொரு மோதலுக்கும் மணி அடிக்கும், விளக்கு எரியும், எதிரே நிமிர்ந்து நிற்கும் பலகையில் எண் ஏறும். குண்டு கீழே உள்ள ஓட்டையில் விழுந்துவிடாமல், பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை அழுத்தி, ஃபிளிப்பர் என்ற இரண்டு சிறு கைகளால் அதைத் திரும்ப மேலே அடிக்க வேண்டும். கேரம் போர்டில் மின்சாரம் வைத்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த விளையாட்டின் தாய்வீடு சிகாகோதான். 1931-ல் காட்லீப் கம்பெனி வெளியிட்ட 'பாஃபிள் பால்' என்ற மெஷின் அமெரிக்கா முழுவதும் விற்றது. பொருளாதார நெருக்கடிக் காலம் அது. ஒரு பென்னிக் காசுக்கு ஐந்து முதல் ஏழு குண்டு கிடைத்தால் மக்களுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. மின்சார ஃபிளிப்பர் வந்தது 1947-ல், அதே கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான். அதற்கு முன் குண்டை விட்டதும் ஆட்டக்காரருக்குப் பெரிதாக வேலை கிடையாது. மெஷினைக் குலுக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் இதைச் சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் தடை செய்தது. தடை நீங்கியது 1976-ல்தான்.

1970களின் பின்பாதி வரை வந்த மெஷின்களில் சிலிக்கன் சில்லு எதுவும் கிடையாது. எல்லாம் ரிலே, காயில், தகடு ஸ்விட்ச், படிப்படியாய் நகரும் சக்கரம். என் மகன் வாங்கியது அந்த ரகம். ஊர் மாறிப் போன ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனது. நூறு கிலோவுக்கு மேல் எடை. நான்கு பேர் சேர்ந்து இறக்கி, வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட் அறையில் வைத்திருந்தார்கள்.

பின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தபோது எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. பம்பாய் டெலிபோன்ஸில் 1972-ல் சேர்ந்தவன் நான். முதல் பதினைந்து வருடம் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில்தான் வேலை. நீங்கள் டயலைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் 'டக டக' என்று சக்கரம் ஏறி எண்ணைத் தேடுமே, அந்த ரகம். ஸ்ட்ரௌஜர் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1891-ல். முதல் எக்ஸ்சேஞ்ச் 1892-ல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் திறந்தது. சிகாகோவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆக இரண்டும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள். குடும்ப ஜாடை இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நான்கு புகார்கள்

வைத்தியரிடம் போனால் முதலில் என்ன செய்கிறது என்று கேட்பார் இல்லையா? கோளாறு பார்ப்பதிலும் அதுதான் முதல் வேலை. கையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டும். மகனையும் பத்து வயதுப் பேரனையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன்.

ஒன்று: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் அடியில் உள்ள மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆட்டம் தொடங்குவதே இல்லை. இரண்டு: எப்போதாவது ஆட்டம் தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற வாடை வருகிறது. மூன்று: இடது ஃபிளிப்பருக்குப் பலம் இல்லை. நான்காவதைச் சொன்னது பேரன்.

"தாத்தா, இது சில நாள் கடிக்கும். சில நாள் கடிக்காது."

"எது கடிக்கும்?"

முன்பக்கத்து இரும்புச் சட்டத்தைக் காட்டினான். வெறுங்காலோடு நின்று அதைத் தொட்டால் சில நாள் விரலில் சுருக்கென்று இருக்குமாம்.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய பிறந்தநாள். எட்டுப் பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. பின்புறத் தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி விளையாடிவிட்டு, ஈரக் காலோடு பேஸ்மென்டுக்கு வந்து பின்பால் ஆடுவதாகத் திட்டம். அதனால் மகனுக்கு அவசரம். "அப்பா, முதல்ல கேம் ஓடட்டும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஓடாத மெஷினை எல்லோருக்கும் தெரிகிறது. ஓடிக்கொண்டே ஆளைக் கொல்லக்கூடிய மெஷினைப் பார்த்தால் தெரியாது.

நான் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். நான்காவது முதலில், இரண்டாவது அடுத்தது, மற்ற இரண்டும் கடைசியில். மகனுக்கு அதில் வருத்தம்தான். மூன்று நாள்தான் இருக்கிறது, இந்த மனிதர் வயரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று மருமகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒரு நாள் கடிக்கும், ஒரு நாள் கடிக்காது

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் ஊரில் 230. பாதிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நிற்பவருக்கு 120 வோல்ட் போதும்.

இந்த மெஷினுக்குள் 120 வோல்ட் வருவது ஒரே ஓர் இடத்தில்தான். பின்பக்கத்து ஓட்டை வழியே வந்து, அடித்தட்டில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் முடிகிறது. அங்கிருந்து காயில்களுக்குச் சுமார் 25 வோல்ட், விளக்குகளுக்கு 6 வோல்ட் என்று பிரிகிறது. 25 வோல்ட் விரலைக் கடிக்காது. ஆகவே கடிப்பது எதுவோ அது டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் தேட வேண்டிய இடம் ஒரு முழ நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

"சில நாள்" என்பதற்குக் காரணம் பிளக்கிலேயே இருந்தது. அமெரிக்கப் பிளக்கில் இரண்டு தட்டைத் தகடுகளும், கீழே உருண்டையாக எர்த் பின்னும் இருக்கும். இந்தப் பிளக்கில் எர்த் பின்னை யாரோ கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துப் பழைய வீடுகளில் இரண்டு ஓட்டை சாக்கெட்தான் இருக்கும். அதில் நுழையவில்லை என்று வெட்டியிருக்கலாம். மூன்றாவது பின் இருந்தவரை பிளக்கை ஒரே விதமாகத்தான் செருக முடியும். அது போனபின் எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும். ஒரு விதமாகச் செருகினால் இடது வயரில் ஃபேஸ், திருப்பிச் செருகினால் வலது வயரில் ஃபேஸ். வாக்குவம் கிளீனருக்காக அதைப் பிடுங்கி மறுபடி செருகும்போதெல்லாம் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. பேரன் சொன்ன கணக்குச் சரிதான்.

பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மெஷினின் ஸ்விட்சையும் அணைத்து, மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். ஒரு முனையை முன்பக்க இரும்புச் சட்டத்தில் வைத்து, மறுமுனையைப் பிளக்கின் ஒரு தகட்டில் தொட்டேன். எந்தத் தொடர்பும் காட்டவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்த தகட்டில் தொட்டேன். ஏறக்குறைய பூஜ்யம். அதாவது சுவரிலிருந்து வரும் ஒரு வயர் நேராக அந்த இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வயரை ஓர் உலோகப் பட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து வெடித்து, உள்ளே உள்ள செம்பு அந்தப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து பின்னல் போட்ட செம்பு நாடா ஒன்று, முன்கதவு, பக்கச் சட்டங்கள், கால்கள் என்று எல்லா இரும்பையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போகிறது. அதைப் போட்டவர்கள் நல்லதுக்குத்தான் போட்டார்கள். கசியும் மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும் என்பதற்காக. பின்னை வெட்டியபின் அதே நாடா மின்சாரத்தை எல்லா இரும்புக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை மகன் வந்ததும் காட்டினேன். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, இரும்புச் சட்டத்துக்கும் சுவர் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். பிளக்கை ஒரு விதமாகச் செருகினால் ஒன்றும் இல்லை. திருப்பிச் செருகினால் 118 வோல்ட். மகன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மெஷின் மேல் வைத்துவிட்டு, "சனிக்கிழமைக்கு இது வேண்டாம்ப்பா" என்றான்.

"வேண்டும். ஆனால் முறையாக" என்றேன்.

மறுநாள் அவனே கடைக்குப் போய்ப் புதிய மூன்று வயர் கார்டு வாங்கி வந்தான். கருப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த் என்பது அங்குள்ள வழக்கம். கருப்பு வயர் முதலில் ஃப்யூஸ், அடுத்து ஸ்விட்ச், பிறகு டிரான்ஸ்ஃபார்மர் என்று போகும்படி செய்தேன். பச்சையைச் செம்பு நாடாவோடும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்போடும் திருகி இறுக்கினேன். முடித்ததும் எர்த் பின்னிலிருந்து முன் சட்டம், கதவு, நான்கு கால்கள் எல்லாவற்றுக்கும் ஓம் பார்த்தேன். எல்லாம் ஒன்றுக்குக் கீழே.

எர்த் ஏன் உயிரைக் காப்பாற்றுகிறது? ஃபேஸ் வயர் இரும்பைத் தொட்டால், எர்த் இருக்கும்போது அது பெரிய ஷார்ட் சர்க்யூட். ஒரு நொடிக்குள் பிரேக்கர் விழும். மெஷின் செத்துப்போகும், ஆள் பிழைப்பார். எர்த் இல்லாவிட்டால் எந்தப் பிரேக்கரும் விழாது. இரும்பு மின்சாரத்தோடு காத்திருக்கும், யாராவது வந்து தொடும் வரை.

அதோடு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தச் சாக்கெட்டில் ஜிஎஃப்சிஐ என்ற பாதுகாப்புக் கருவியைப் போடச் செய்தோம். நம் ஊர் ஆர்சிசிபி-யின் தம்பி அது. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். அங்கே வீட்டுச் சாக்கெட்டில் வைப்பது சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும். நம் ஊரில் வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர்.

வாயை அடைத்த ஃப்யூஸ்

அடுத்தது கருகல் வாடை. ஃப்யூஸ் வரிசையைப் பார்த்தேன். காயில்களுக்கு உரிய ஃப்யூஸைச் சுற்றிச் சமையலறை அலுமினியத் தாள் பளபளத்தது.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி பக்கம் பழைய கட்டடங்களில் பீங்கான் கிட்கேட் ஃப்யூஸ் இருக்கும். அது அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஃப்யூஸ் போவது நோய் அல்ல, அது நோயைச் சொல்கிற குரல். வாயைக் கட்டிவிட்டால் நோய் போய்விடுமா?

அலுமினியத் தாளைப் பிரித்து எறிந்துவிட்டு, மெஷினில் ஒட்டியிருந்த சீட்டில் அச்சிட்ட அளவுக்கே புது ஃப்யூஸ் போடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் முதலில் அது ஏன் போனது என்று தெரிய வேண்டும். இங்கே நான் செய்தது எக்ஸ்சேஞ்சில் தினமும் செய்த வேலை: ஒரே மாதிரி உள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. மெஷினில் மூன்று பம்பர்கள், மூன்றுக்கும் ஒரே காயில். ஒவ்வொன்றிலும் ஒரு பக்க வயரைக் கழற்றிவிட்டு அளந்தேன். இரண்டு சுமார் 3 ஓம் காட்டின. மூன்றாவது 1 ஓமுக்கும் கீழே. அதன் மேல் சுற்றியிருந்த காகிதம் காப்பிக் கொட்டை நிறத்தில் வறுபட்டிருந்தது. புத்தகம் பார்க்காமலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

காயிலை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. காயில் ஏன் வெந்தது? பம்பரில் குண்டு இடிக்கும்போது ஒரு கணம் மட்டும் மூடித் திறக்க வேண்டிய தகடு ஸ்விட்ச், வளைந்து போய் மூடியபடியே நின்றுவிட்டது. இந்தக் காயில்கள் ஒரு நொடியில் சிறு பகுதி மட்டும் வேலை செய்வதற்காகச் சுற்றப்பட்டவை. விடாமல் மின்சாரம் பாய்ந்தால் சூடாகி, உள்ளே சுற்றுக்குச் சுற்று ஒட்டி, ஓம் குறைந்து, இன்னும் அதிக மின்சாரம் இழுத்து, கடைசியில் ஃப்யூஸ் போகும். தாள் சுற்றியிருந்ததால் ஃப்யூஸும் போகவில்லை. அடுத்து எரிய வேண்டியது மரப்பெட்டிதான். ஸ்விட்ச் தகட்டை நேராக்கிய பிறகுதான் புதுக் காயிலை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒரு பொருள் எரிந்திருந்தால் அதை எரித்தது எது என்று தேடாமல் புதுப்பொருள் போடக் கூடாது.

மோட்டார் ஏன் நிற்கவில்லை?

இனி விளையாட்டு ஓட வேண்டியதுதான் பாக்கி. மெஷினோடு ஒரு பெரிய மடித்த வரைபடம் வந்திருந்தது. ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு கோடு, நடுவே படிப்படியாக ஸ்விட்சும் காயிலும். பேரனிடம் கலர் பென்சில் கொடுத்து, மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று விரலை வைத்துக் கோடு போடச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தான். பிறகு விட மாட்டேன் என்றான்.

புது ஆட்டம் தொடங்கும்போது முதல் வேலை, எண் சக்கரங்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. மோட்டார் சுற்றச் சுற்றச் சக்கரங்கள் ஒவ்வொரு படியாக நகரும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு ஸ்விட்ச் உண்டு. பூஜ்யம் வந்ததும் அது திறந்து, "நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று சொல்லும். எல்லோரும் வந்துவிட்டால்தான் மோட்டார் நிற்கும். ஒருவர் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் கடைசிப் பிள்ளைக்காகப் பஸ் காத்திருப்பது போல.

"எந்தச் சக்கரம் இன்னும் வரலை, பார்" என்றேன். பேரன் முன்னால் ஓடிப் போய்ப் பார்த்தான். "ஆயிரம்! ஆறுலயே நிக்குது!"

அந்தச் சக்கரத்தின் காயில் 'டக் டக்' என்று ஒவ்வொரு முறையும் இழுக்கிறது. ஆகவே மின்சாரம் வருகிறது. சக்கரம் மட்டும் நகரவில்லை. கழற்றிப் பார்த்தால், யாரோ எப்போதோ நல்லெண்ணத்தோடு போட்ட எண்ணெய் கோந்து மாதிரி இறுகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, காயவைத்து, எண்ணெய் எதுவும் போடாமல் மாட்டினேன். மோட்டார் ஓடியது, சக்கரம் பூஜ்யத்துக்கு வந்தது, மோட்டார் நின்றது. மின்சாரக் கோளாறு என்று எழுதிக்கொண்ட ஒன்று, உண்மையில் அழுக்கு.

வரைபடத்தில் எங்கே தேடுவது என்று தெரியாத சமயத்தில் ஒரு பழைய வழி உண்டு. கட்டடத்து டேங்கிலிருந்து மூன்றாம் மாடிக் குழாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால், பிளம்பர் மேலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில் திறந்து பார்ப்பார். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லாவிட்டால் மேலே. அதே போல, காயிலுக்குப் போகும் வழியில் பத்து ஸ்விட்ச் இருந்தால் ஐந்தாவதற்குப் பிறகு 25 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரே அளவையில் பாதி வேலை முடிந்தது. அடுத்த அளவையில் மீதியிலும் பாதி. பதட்டத்தோடு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிறவர், கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு புதுக் கோளாறு வைத்துவிடுவார்.

பலமில்லாத இடது கை

கடைசியில் ஃபிளிப்பர். அதன் காயிலில் இரண்டு சுற்று உண்டு. ஒன்று அடிப்பதற்கு, மிகுந்த பலத்தோடு. மற்றொன்று அடித்தபின் கையை மேலேயே பிடித்து வைத்திருப்பதற்கு, கொஞ்சம் மின்சாரத்தோடு. கை மேலே போய் முடிகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச் திறந்து, முதல் வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்கு மாற்றும். அந்த ஸ்விட்சின் முனைகள் தீப்பொறி பட்டுப் பட்டுக் கருத்து, குழிவிழுந்து, மின்சாரத்தை விடாமல் இருந்தன. ஆகவே ஆரம்பத்திலிருந்தே பிடித்து வைக்கும் பலம் மட்டும்தான்.

ஃபிளிப்பர் ஸ்விட்சின் முனைகள் டங்ஸ்டன், கடினமானவை. அவற்றைச் சின்ன அரத்தால் தேய்க்கலாம். ரிலேக்களில் உள்ளவை வெள்ளி. அவற்றை அரத்தால் முரட்டுத்தனமாகத் தேய்க்கக் கூடாது. ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தை இடையில் வைத்து, லேசாக அழுத்தி இழுத்தால் போதும். எக்ஸ்சேஞ்சில் எங்கள் பெரியவர்கள் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள்: இரண்டு தகடும் தொட்டால் மட்டும் போதாது. தொட்டபின் ஒன்று மற்றொன்றைச் சிறிது தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த உரசலில்தான் முனைகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும். பேரனுக்கு அதைக் காட்டினேன். அன்று முதல் வீட்டில் உள்ள எல்லா ஸ்விட்சையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம் முழுதாக ஆடினோம். மருமகளுக்குத்தான் அதிகப் புள்ளி. சனிக்கிழமை பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆடினார்கள். ஈரக் காலைத் துடைத்துச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்று பேரனே வாசலில் நின்று உத்தரவு போட்டான். மகன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை மீட்டரை எடுத்துக்கொண்டு சமையலறை, குளியலறை என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு சாக்கெட்டாக எர்த் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டில்

பின்பால் மெஷின் நம் வீடுகளில் இருக்காது. ஆனால் வாஷிங் மெஷின் இருக்கிறது, கீசர் இருக்கிறது, ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. மும்பை மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். ஆகவே அன்பர்களுக்குச் சில வார்த்தை.

வாஷிங் மெஷினையோ ஃப்ரிட்ஜையோ தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று குழந்தையோ வேலைக்கு வருகிற அம்மாவோ சொன்னால், "செருப்புப் போட்டுக்கொள்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அன்றே அதை அணைத்து, எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். சில நாள் மட்டும் கடிக்கிறது என்றால் அது இன்னும் மோசம்.

மூன்று பின் பிளக்கில் பெரியதாக இருக்கும் மேல் பின்தான் எர்த். அதை வெட்டவோ, கழற்றவோ, இரண்டு பின் அடாப்டரில் ஏமாற்றிச் செருகவோ வேண்டாம். பழைய கட்டடங்களில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தும், பின்னால் எர்த் வயரே இல்லாமல் இருப்பதுண்டு. ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஃப்யூஸ் போனால் அதே அளவுக் கம்பி போடுங்கள். மறுபடியும் போனால் கம்பியைத் தடிமனாக்காமல் காரணத்தைத் தேடுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரியதாக மாற்றச் சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆர்சிசிபி இல்லாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறவர்கள் மாதம் ஒரு முறை அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் அது அங்கே அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆகும் நேரம், ஒரு சீரியலின் விளம்பர இடைவேளை. மழைக்காலம் வருவதற்கு முன் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேளுங்கள். மீட்டர் எப்போதும் என் பையில்தான் இருக்கும்.